காற்றடிக்கிற மாசத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறீர்களா?

கோயம்புத்தூர் போய் பாகங்களை வாங்கிக்கொண்டு வந்து, வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிற பழக்கம் இப்போது வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று தமிழ்நாடு-கேரள எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகவே பரவிவிட்டது. கடைக்காரருக்குக் கூலி கொடுக்க வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியும், நாளைக்கு ராம் (நினைவகம்) கூட்ட வேண்டும் என்றால் யாரையும் கெஞ்ச வேண்டாம். ஆனால் முதன்முறை செய்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இந்த ஸ்டாட்டிக், ஸ்டாட்டிக் என்கிறார்களே, நான் தொட்டால் மதர்போர்டு போய்விடுமா?"

ஸ்டாட்டிக் என்பது உரசலால் உடம்பிலும் பொருள்களிலும் சேருகிற நிலைமின்னூட்டம். அதனால் போர்டு போகலாம். பெரும்பாலும் போகாது. ஆனால் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் குடியிருக்கிற நமக்கு அந்தப் 'போகலாம்' மற்ற ஊர்க்காரர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், அதுவும் வருஷத்தில் சில மாசங்களில் மட்டும். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் புரிந்துவிட்டால் பாதி வேலையை நீங்களே யோசித்துச் செய்துகொள்வீர்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது, அதில்தான் நாம் இருக்கிறோம். ஆனி, ஆடியில் கேரளப் பக்கமிருந்து வருகிற காற்று ஈரக் காற்று. கார்த்திகை பிறந்ததும் திசை மாறும், மலையாளத்துக்காரர்கள் விருச்சிகக் காற்று என்று சொல்வது இதைத்தான். மழை ஓய்ந்ததும் மார்கழி, தை, மாசியில் கிழக்கிலிருந்து பேயாட்டம் ஆடிக்கொண்டு வருகிற இந்தக் காற்றில் ஈரமே இருக்காது. உதடு வெடிக்கும், குதிகால் பிளக்கும், துவைத்துப் போட்ட துணி காபி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். அதே காற்றுதான் உங்கள் உடம்பில் மின்னூட்டத்தைச் சேர்த்தும் வைக்கிறது. காற்றில் ஈரம் இருந்தால் தோல், துணி, மேசை எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று இருக்கும், சேருகிற மின்னூட்டம் அது வழியாகவே கசிந்து போய்விடும். காய்ந்த காற்றில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

எவ்வளவு வித்தியாசம் என்றால், மின்னணுத் துறையில் பல காலமாகச் சுற்றிவருகிற ஓர் அட்டவணை இருக்கிறது: ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது வினைல் தரையில் நடந்தால் உடம்பில் 250 வோல்ட் ஏறும் என்றால், ஈரப்பதம் 10, 20 சதவீதமாக இருக்கும்போது அதே நடைக்கு 12,000 வோல்ட். நம் ஊரில் அந்த அளவுக்குக் காய்வதில்லை, ஆனாலும் எந்தத் திசையில் போகும் என்பது விளங்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சுள்ளென்று விரலில் அடிப்பதை நாம் உணர வேண்டுமானால் சுமார் 3,000 வோல்ட் இருக்க வேண்டும். சில சில்லுகளுக்குச் சில நூறு வோல்ட்டே போதும், இன்னும் நுணுக்கமானவை 100 வோல்ட்டுக்குக் கீழேயே அடிவாங்கும். ஆக, உங்களுக்கு ஒன்றுமே தெரியாமல், பொறியும் பறக்காமல், சத்தமும் கேட்காமல் ஒரு சில்லு சேதமாக முடியும். உள்ளே இருக்கிற டிரான்சிஸ்டர்களின் கேட் பகுதியில் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு காப்புப் படலம் இருக்கிறது, அதில்தான் ஓட்டை விழுகிறது. 3,000 வோல்ட் ஏறிய மனித உடம்பு ஒரு பின்னைத் தொட்டால், சோதனைக் கூடங்களில் வைத்திருக்கிற மாதிரிக் கணக்குப்படி, நொடியின் கோடியில் ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்கு 2 ஆம்பியர் வரை பாயும். நமக்கு அது கொசுக்கடி, அந்தப் படலத்துக்கு அப்படி இல்லை.

இணையத்தில் சில காணொளிகளில் ராம் மேல் வேண்டுமென்றே பொறி பறக்கவிட்டு, பார்த்தீர்களா, வேலை செய்கிறது என்று காட்டுவார்கள். பொய்யில்லை. இப்போதைய சில்லுகளின் ஒவ்வொரு காலிலும் பாதுகாப்புச் சுற்று இருக்கிறது, பல அடிகளைத் தாங்கும். ஆனால் அன்றைக்கு வேலை செய்தது என்பதும் நன்றாக இருக்கிறது என்பதும் ஒன்றில்லை. பாதி அடிபட்ட சில்லு மாசக்கணக்கில் ஓடிவிட்டு, காரணமே தெரியாமல் முடங்கி நீலத்திரை காட்டத் தொடங்கலாம், அப்போது அதை யாரும் ஸ்டாட்டிக்கோடு சேர்த்துப் பார்க்கமாட்டார்கள். என் கருத்து இதுதான்: ஆபத்து சின்னது, ஆனால் தடுக்கிற செலவு அதைவிடச் சின்னது, பிறகு ஏன் விட வேண்டும்?

முதல் வேலை: சுவரைப் பாருங்கள்

எல்லா வழிகாட்டியிலும் கையில் ஆண்டிஸ்டாட்டிக் பட்டை (ஸ்டாட்டிக்கை வடியவிடுகிற பட்டை) கட்டிக்கொள் என்றுதான் தொடங்குவார்கள். பட்டை அப்புறம். நம் பக்கத்து வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்விட்ச் போர்டில் உள்ள எர்த், அதாவது தரைக்குப் போகிற இணைப்பு. மூன்று துளை இருக்கும், மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. பழைய வீடுகளில் இது சர்வசாதாரணம். கேட்டால், "ஏனுங், ஃபேனுக்கும் டிவிக்கும் எதுக்குங்க எர்த்து, ரெண்டு வயர் போதும்" என்று வயர்மேன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

எர்த் இல்லாத வீட்டில் ஓடுகிற கம்ப்யூட்டரின் கேபினெட்டைப் புறங்கையால் லேசாகத் தடவிப் பாருங்கள், கிர்ர்ர் என்று ஓர் அதிர்வு தெரியும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். போன தை மாசம் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் இதையே வந்து கேட்டான்: "அண்ணா, கேபினெட்டைத் தொட்டாலே கிர்ருங்குது, காத்து நாளுங்கறதால ஸ்டாட்டிக்தானே?" "ஸ்டாட்டிக் ஒரு தடவை சட்டுனு அடிச்சிட்டு முடிஞ்சுரும் தம்பி. கையை எடுக்கற வரைக்கும் விடாம கிர்ருனு இருந்தா அது கரண்ட்." எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (கேபினெட்டில் கரண்ட் கொடுக்கிற பெட்டி) மின் இரைச்சலை வடிகட்ட பேஸிலிருந்து (கரண்ட் வருகிற வயர்) ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என்று இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் உலோக உடலோடு சேர்த்திருப்பார்கள். எர்த் வயர் இருந்தால் அந்தக் கசிவு தரைக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட் முழுவதும் 230-இல் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட்டில் மிதந்துகொண்டு நிற்கும். பாயக்கூடிய கரண்ட் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் இப்படி மிதக்கிற கம்ப்யூட்டரிலிருந்து ஒரு எச்டிஎம்ஐ கேபிளை எடுத்து, கேபிள் இணைப்பு வழியாக எர்த் ஆகியிருக்கிற டிவியில் செருகினால், செருகுகிற நொடியில் அந்த வித்தியாசம் எச்டிஎம்ஐ துளை வழியாகத்தான் பாயும். துளை கருகிவிட்டது, ஸ்டாட்டிக் அடித்துவிட்டது என்று சொல்லப்படுகிறவற்றில் கணிசமானவை இந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

சோதிப்பது இப்படி. மல்டிமீட்டரை ஏசி வோல்டேஜில், 750 என்று போட்டிருக்கும் இடத்தில் வையுங்கள். ஸ்விட்சைப் போட்டுவிட்டு, புரோபின் உலோக முனையில் விரல் படாமல் மூன்று அளவு எடுங்கள். உங்களுக்கு எதிரே பார்த்தால் வலது துளை பேஸ், இடது துளை நியூட்ரல், மேலே எர்த். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230-ஐ ஒட்டி வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட், போனால் போகிறது என்று ஐந்துக்குள். பேஸுக்கும் எர்த்துக்கும் 60, 110, 140 என்று ஊஞ்சலாடினால் அங்கே எர்த் இல்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சுத்தமாக பூஜ்யம் வந்தாலும் சந்தேகப்படுங்கள், சில புண்ணியவான்கள் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டிருப்பார்கள். அது எர்த்தே இல்லாததைவிட மோசம், ஏனென்றால் எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் கேபினெட் முழு 230 வோல்ட்டுக்கு வந்துவிடும்.

மீட்டர் நல்ல எண் காட்டிவிட்டது என்பதற்காக எர்த் நல்லது என்று அர்த்தமில்லை. மீட்டர் இழுக்கிற கரண்ட் மிகமிகக் குறைவு என்பதால் நோஞ்சான் எர்த்தும் அதற்கு 230 காட்டும். அதனால் வயர்மேனை வரச் சொல்லி, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 100 வாட் குண்டு பல்பைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழு வெளிச்சத்தில் எரிந்தால் சரி. ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கிற ஸ்விட்ச்) இருக்கிற வீட்டில் பல்ப் எரிவதற்குள் அது டிரிப் ஆகிவிடும், அதுவும் நல்ல சகுனம்தான். இந்தச் சோதனையை நீங்களே செய்யாதீர்கள், தெரிந்தவர் செய்யட்டும்.

இங்கேதான் காற்று மறுபடி வருகிறது. வீட்டு ஓரத்தில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடிய அந்த எர்த் குழி, மண்ணில் ஈரம் இருக்கும் வரைதான் வேலை செய்யும். ஐப்பசியில் சோதித்தபோது ஜம்மென்று எரிந்த பல்ப், மாசியில் சோதித்தால் மங்கலாகத்தான் எரியும், மண் காய்ந்திருக்கும். நம் உடம்பில் ஸ்டாட்டிக் அதிகமாகச் சேருகிற அதே மாசங்களில்தான் அதை வாங்கிக்கொள்ள வேண்டிய தரையும் கைவிடுகிறது. ஆகவே அசெம்பிள் செய்வதற்கு இரண்டு நாள் முன்பிருந்து எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வாழைக்கு ஊற்றுகிறபோது அதற்கும் ஊற்றுகிற பழக்கம் வந்துவிட்டால் இன்னும் நல்லது.

இன்னொன்றும் பாருங்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டு மூன்று துளையிலும் டெஸ்டர் வையுங்கள், எதுவும் எரியக்கூடாது. எரிந்தால் உங்கள் ஸ்விட்ச் பேஸுக்குப் பதிலாக நியூட்ரலைத் துண்டிக்கிறது. அந்த சாக்கெட்டைச் சரிசெய்யாமல் பக்கத்திலேயே போகவேண்டாம்.

நேரம், இடம், உடுப்பு

ஈரப்பதம் 40-லிருந்து 60 சதவீதம் வரை இருந்தால் வசதி. போனில் வானிலை பார்த்தால் தெரியும், ஆனால் அது வெளியே உள்ள கணக்கு. ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி அறையில் வைத்தால் துல்லியம். காற்று மாசங்களில் மத்தியான வேளையில் உட்காராதீர்கள், விடிகாலையில் ஈரப்பதம் கூடுதலாக இருக்கும். அறையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, தரை காய்ந்ததும் ஆரம்பித்தால் தூசியும் அடங்கும். கிழக்குப் பக்க ஜன்னலைச் சாத்திவிடுங்கள். ஆடி மாசம் என்றால் இதெல்லாம் தேவையே இல்லை, அப்போது கவலை வேறு: நெற்றி வியர்வை போர்டில் சொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டிலில், மெத்தையில், பாலியஸ்டர் போர்வை மேல் வைத்துச் செய்யவே செய்யாதீர்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நைலான் டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுக்க எழுந்து எழுந்து உட்கார்கிறீர்களே, அந்த ஒவ்வோர் எழுகையும் உடம்பில் மின்னூட்டத்தை ஏற்றுகிறது. மர மேசை, மர ஸ்டூல், பருத்தி பனியன், பருத்தி வேட்டி அல்லது லுங்கி. அசெம்பிள் செய்வதற்கு இதைவிடச் சிறந்த சீருடை கிடையாது. மேசையில் ரெக்சின் விரிப்பு இருந்தால் உருவி எடுத்துவிடுங்கள்.

செருப்பு? வேலை நடக்கும்போது கழற்றிவிடுங்கள். சிமென்ட் தரையிலோ ரெட் ஆக்சைடு தரையிலோ வெறுங்காலுடன் நின்றால் மின்னூட்டம் மெல்ல மெல்ல வடிந்துகொண்டே இருக்கும். டைல்ஸ் தரை அவ்வளவு உதவாது. ஆனால் கடைசியில் கரண்ட் கொடுத்துப் பார்க்கிற நேரத்தில் கட்டாயம் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். வெறுங்கால் ஸ்டாட்டிக்குக்கு நல்லது, மெயின்ஸுக்கு ஆகாது.

பட்டை: எதற்கு, எப்படி

கையில் கட்டுகிற ஆண்டிஸ்டாட்டிக் பட்டை விலை அதிகமில்லை, வாங்கிவிடுங்கள். வயர் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வயரே இல்லாமல் வருகிற வகை சும்மா ஒரு வளையல், அவ்வளவுதான். பட்டையின் வயருக்குள் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஒளிந்திருக்கும். தப்பித்தவறி உங்கள் இன்னொரு கை 230 வோல்ட்டில் பட்டாலும் அது வழியாக 0.23 மில்லி ஆம்பியர்தான் பாயும், உணரக்கூட மாட்டீர்கள். அதனால் பட்டைக்குப் பதில் செம்புக் கம்பியை மணிக்கட்டில் சுற்றி மறுமுனையை எர்த்தில் மாட்டுகிற வீரவிளையாட்டு வேண்டாம். ஸ்டாட்டிக் போகும், கூடவே நீங்களும் போகலாம். மீட்டர் இருந்தால் பட்டையின் உலோகத் தகட்டுக்கும் கிளிப்புக்கும் நடுவே ஓம் அளந்து பாருங்கள், 1 மெகா ஓம் அருகில் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்திருக்கிறது. பட்டை தோலில் ஒட்டி இருக்க வேண்டும், சட்டைக் கையின் மேல் கட்டிப் பிரயோஜனமில்லை. காற்று மாசத்தில் தோல் காய்ந்து வெடித்திருக்கும், மணிக்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டுக் கட்டுங்கள்.

கிளிப்பை எங்கே மாட்டுவது? கேபினெட்டில், பெயின்ட் அடிக்காத உலோகத்தில். கறுப்புப் பெயின்ட் மேல் கவ்வினால் காற்றில் கவ்வியது போலத்தான். எஸ்எம்பிஎஸ்ஸைப் பிடித்திருக்கிற திருகாணி, பின்பக்கம் கார்டுகள் உட்காருகிற வெள்ளித் தகடு, இவை நல்ல இடங்கள்.

புதிதாக வருகிறவர்கள் குழம்புகிற இடம் இதுதான், தரைக்குப் போவதுதான் முக்கியம் என்று நினைக்கிறார்கள். இல்லை. நீங்களும் கேபினெட்டும் மதர்போர்டும் ஒரே மட்டத்தில் இருப்பதுதான் முக்கியம். மூன்றும் ஒன்றாக 500 வோல்ட்டில் இருந்தாலும் இடையில் எதுவும் பாயாது, வித்தியாசம் இருந்தால்தான் பாயும். எனவே எர்த் நன்றாக இருக்கிறது என்று சோதித்துத் தெரிந்தவர்கள், எஸ்எம்பிஎஸ் வயரை சாக்கெட்டில் செருகி, சுவர் ஸ்விட்சையும் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்ஸ்விட்சையும் அணைத்தே வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். நம் ஸ்விட்சுகள் பேஸை மட்டும்தான் துண்டிக்கும், எர்த் தொடர்பு அப்படியே இருக்கும். எர்த் மேல் நம்பிக்கை இல்லாதவர்கள் செருகவே வேண்டாம், பட்டையைக் கேபினெட்டில் மாட்டிக்கொண்டு வேலை செய்தால் போதும். இரண்டில் எது என்று தீர்மானிக்க முடியாமல் நிற்கிறவர்களும் செருக வேண்டாம்.

பிளாஸ்டிக்கை ஒரு அடி தள்ளி வையுங்கள்

கேபினெட் பெட்டியைத் திறந்ததும் இரண்டு பக்கமும் தெர்மோகோல் வரும். அதை உடைத்து எடுக்கும்போது கவனியுங்கள், காற்று நாளில் அந்த வெள்ளைத் துகள்கள் முழங்கை வரை ஏறி ஒட்டிக்கொள்ளும். தட்டினால் ஒரு கையிலிருந்து மறுகைக்குத் தாவும், ஊதினால் மடியில் போய் ஒட்டும், விழவே விழாது. ஈரமான நாளில் தட்டியதும் உதிர்ந்துவிடும். ஈரப்பதமானி இல்லாதவர்களுக்கு இதுவே போதுமான அளவுகோல்: துகள் அடம்பிடித்தால் அன்றைக்கு இரட்டை ஜாக்கிரதை.

பட்டை கட்டியிருக்கிறோமே, தெர்மோகோலையும் தொட்டு எர்த் பண்ணிவிடலாமா என்றால் முடியாது. மின்கடத்தாப் பொருளில் ஏறிய மின்னூட்டம் ஏறிய இடத்திலேயே நிற்கும், நாம் தொடுவதால் போகாது. அது போர்டைத் தொட வேண்டியதும் இல்லை. பக்கத்தில் இருந்தாலே போர்டில் உள்ள மின்னூட்டத்தை இடம் மாற்றும், அந்த நிலையில் போர்டு உலோகத்தில் படும்போது அடி விழும். அதனால் தெர்மோகோல், பாலிதீன் கவர், செலோடேப், பபிள் ராப் எல்லாவற்றையும் அடுத்த அறைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வாருங்கள். அது முடியாவிட்டால் குறைந்தது ஒரு அடி தூரம். கேபினெட்டின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளைச் சர்ரென்று உரிப்பது பலருக்குப் பெரிய ஆனந்தம். உரியுங்கள், ஆனால் போர்டு உள்ளே போவதற்கு முன்பே, வேறு அறையில் வைத்து.

இனி அசெம்பிள்

கேபினெட்டில் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டித் திருகுங்கள். பட்டையைக் கட்டிக் கிளிப்பை மாட்டுங்கள். அப்புறம்தான் மதர்போர்டு பெட்டி.

மதர்போர்டு வெள்ளி நிறக் கவரில் வரும். உலோகப் பூச்சுள்ள அந்தக் கவர், மூடியிருக்கும்வரை வெளியே நடப்பது உள்ளே எட்டாமல் தடுக்கும். இளஞ்சிவப்பு நிறத்தில் வருகிற பாலிதீன் வேறு சரக்கு, அது தானாக மின்னூட்டம் சேர்க்காது, வெளி மின்னூட்டத்தைத் தடுக்கவும் செய்யாது. வெள்ளிக் கவரை ஒரு கையால் பிடித்து மறுகையால் கேபினெட் உலோகத்தைத் தொட்டு ஓரிரு நொடி நில்லுங்கள், அதற்குப் பிறகு பிரித்து எடுங்கள். எடுக்கும்போது யூஎஸ்பி, லேன் துளைகள் இருக்கிற பக்கத்தின் உலோகக் கூட்டைப் பிடித்து எடுங்கள், அது போர்டின் கிரவுண்டு. முதலில் அதைத் தொட்டால் உங்களிடம் மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்சமும் நல்ல வழியாகவே போகும். போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். வெள்ளிக் கவர் மேல் வைத்துக் கரண்ட் கொடுக்கவே கூடாது.

சிபியுவை (கேபினெட் இல்லை, பிராசசர் சில்லு) ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். இன்டெல் 2004-லிருந்தே மேசைக் கம்ப்யூட்டர் சிபியுக்களில் பின்களை சாக்கெட்டுக்கு மாற்றிவிட்டது. ஏஎம்டி தன் வழக்கமான ரகத்தில் 2022-இல் ஏஎம்5 சாக்கெட் வந்தபோது மாற்றியது, அதற்கு முந்தைய ஏஎம்4-இல் சிபியுவிலேயே பின்கள். சாக்கெட்டில் பின் உள்ள வகையில் ஸ்டாட்டிக்கைவிடப் பெரிய எதிரி உங்கள் விரல்தான், ஒரு பின் வளைந்தால் போர்டே போச்சு. முக்கோணக் குறியைப் பொருத்தி, அழுத்தாமல், வைத்தால் தானாக உட்கார வேண்டும்.

ராமை இரண்டு முனைகளில் பிடித்து, தங்க நிறப் பட்டைகளில் விரல் படாமல், டக்கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். ஒரு கடையில் ராமைச் சாதாரண பபிள் ராப்பில் சுற்றி, அதன் மேல் செலோடேப்பும் ஒட்டிக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிக் கொடுத்தால் வாங்காதீர்கள், கம்பெனி உறையோடு கேளுங்கள். எம்.2 எஸ்எஸ்டிக்கு (தகவலைச் சேமிக்கிற சின்ன அட்டை) மேலே போகிற ஹீட்சிங்கின் (சூட்டைத் தணிக்கிற தகடு) அடியில் ஒரு மெல்லிய தாள் ஒட்டியிருக்கும், அதையும் போர்டிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு மெதுவாக உரியுங்கள், சர்ரென்று இழுக்க வேண்டாம்.

கூலரை மாட்டி, கேபினெட்டில் பித்தளை முட்டுகள் போர்டின் ஓட்டைகளுக்கு நேராக மட்டும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, போர்டை இறக்குங்கள். ஒரு முட்டு அதிகமாக இருந்தால் போர்டின் அடியில் முட்டி ஷார்ட் ஆகும். கிராஃபிக்ஸ் கார்டு கடைசி. அதை உறையிலிருந்து எடுக்கும் முன்பும் கேபினெட்டைத் தொட்டுக்கொள்ளுங்கள், பட்டை கட்டியிருந்தாலும் இந்தப் பழக்கம் நல்லது. நடுவில் சாப்பிடப் போய்விட்டு வந்தால் பட்டையைக் கட்டாமல் கையை உள்ளே விடாதீர்கள்.

கரண்ட் கொடுத்தும் ஒன்றும் வரவில்லையா

பட்டையைக் கழற்றுங்கள், செருப்பைப் போடுங்கள், ஸ்விட்சைப் போடுங்கள். திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் உடனே ஸ்டாட்டிக் அடித்துவிட்டது என்று தலையில் கைவைக்க வேண்டாம். புதிய கம்ப்யூட்டர் உயிர்பெறாததற்கு ஸ்டாட்டிக் காரணமாக இருப்பது அபூர்வம். சிபியுவுக்குப் போகிற 8 பின் பவர் கேபிளை மறந்திருப்பீர்கள், ராம் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்காது, மானிட்டர் கேபிளை கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருப்பீர்கள். டிடிஆர்5 ராம் உள்ள போர்டுகள் முதல் தடவை ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடேயே இருக்கும், அதற்குள் பொறுமையிழந்து அணைத்து அணைத்துப் போடுகிறவர்கள் நிறைய. போர்டில் சிபியு, ராம், விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் என்று எழுதிய குட்டி விளக்குகள் இருந்தால் எது எரிந்தபடி நிற்கிறது என்று பாருங்கள். பழைய சரக்கு போர்டு, புதிய சிபியு என்றால் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் கேட்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், சுவர் ஸ்விட்சை அணைத்து, பவர் பட்டனை ஐந்தாறு நொடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை வடியவிட்டு, போர்டின் விளக்கு அணைந்ததை உறுதிசெய்துகொண்டு, சிஆர்2032 பட்டன் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்துவிட்டு மாட்டுங்கள். ஒரே ஒரு ராமோடு, கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் (சிபியுவில் டிஸ்ப்ளே வசதி இருந்தால்) முயன்று பாருங்கள். ஒவ்வொரு தடவை உள்ளே கை விடும்போதும் பழைய சட்டம்தான்: ஸ்விட்ச் அணைப்பு, செருப்பு கழற்றல், பட்டை.

ஓட ஆரம்பித்த பிறகு ஸ்டாட்டிக் பயம் கிட்டத்தட்ட முடிந்தது, கதவு மூடிய கேபினெட்டே கவசம். தூசி தட்டும்போது மட்டும் வீட்டு வாக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் மூக்கை உள்ளே விடாதீர்கள், தூசி உரசி உரசி அதில் மின்னூட்டம் ஏறியிருக்கும். புளோயரால், ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை சாயங்கால இடிக்கும் சித்திரை மாசத்துக் கோடை மழை இடிக்கும் இந்தப் பட்டை, வேட்டி எதுவும் உதவாது. ஸ்பைக் கார்டும் (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கிற பெட்டி) எர்த் இல்லாத வீட்டில் பாதி பொம்மைதான். வானம் இருட்டியதும் பவர் வயரையும் லேன் கேபிளையும் பிடுங்கி வைப்பது ஒன்றே வழி.

வெள்ளிக் கவர்களையும், சிபியு சாக்கெட்டை மூடியிருந்த அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வாரண்டிக்குப் போர்டை அனுப்ப நேர்ந்தால் மூடி இல்லாமல் வாங்கமாட்டார்கள். ஸ்டாட்டிக் அடித்தது வெளியே தெரியாது, சாக்கெட் பின் வளைந்தது பளிச்சென்று தெரியும், வாரண்டி இல்லை என்று திருப்பி அனுப்ப அதுவே அவர்களுக்குப் போதும்.